ஊர்ப் பூங்காவில் ஓராண்டு: பறவை பார்ப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் நாள் கையில் எதையும் எடுத்துக்கொள்ளாமல் பூங்காவுக்குப் போங்கள். இருநோக்கி (பைனாகுலர்) வேண்டாம், பறவை நூல் வேண்டாம், கைபேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். மெதுவாக ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நடைபாதை, ஊஞ்சல், கொஞ்சம் புல்தரை, ஓரத்தில் வேலி, நாலைந்து பெரிய மரங்கள், மூலையில் சருகுக் குவியல், ஒருவேளை ஒரு சின்னக் குளம் அல்லது ஒழுகும் குழாய். இவ்வளவுதான் இருக்கும். காகம், மைனா, புறா தவிர இங்கே என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். அந்த எண்ணம் மாற மூன்று நான்கு வாரங்கள் போதும்.

சிறிய பூங்காவின் பலமே அதன் சிறுமைதான். காட்டில் ஒரு பறவை கிளையை விட்டுப் பறந்தால் அதை மறுபடி பார்ப்பது அரிது. பூங்காவில் அது அடுத்த மரத்தில்தான் இருக்கும். நாளைக் காலையிலும் அங்கேயே இருக்கும். தவறாக அடையாளம் கண்டால் திருத்திக்கொள்ள மறுநாள் உண்டு. அதனால்தான் பறவை பார்க்கத் தொடங்குகிறேன் என்று சொல்லும் எல்லோரிடமும் நான் ஒன்றையே வற்புறுத்துகிறேன்: ஆண்டுக்கு ஒருமுறை தொலைவிலுள்ள சரணாலயத்துக்குப் போவதைவிட, வீட்டுக்கு அருகே உள்ள பூங்காவுக்கு வாரம் மூன்று முறை போங்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஒரு பழக்கத்தின் மேல் கட்டியவை.

முதல் படி: பூங்காவின் வரைபடம்

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் பூங்காவை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. பெரிய மரங்கள், அடர்ந்த புதர், திறந்த புல்வெளி, நீர் இருக்கும் இடம், காய்ந்த கிளை, மின்கம்பி, சருகு சேரும் மூலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் பறவையின் வீடு.

ஆலமரமோ அரசமரமோ அத்தியோ இருந்தால் அதை முதலில் வட்டமிடுங்கள். பழுக்கும் நாட்களில் குக்குறுவான், குயில், மைனா, கொண்டைக்குருவி, மாங்குயில் எல்லாம் அந்த ஒரே மரத்தில் கூடும். காய்ந்த கிளையைப் பலரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் மரங்கொத்தியும் குக்குறுவானும் பொந்து குடைவது அதில்தான். கரிச்சானும் பஞ்சுருட்டானும் பூச்சிக்காகக் காத்து உட்காருவதும் அதில்தான். பொந்து வெட்டிய பறவை விட்டுப்போன பிறகு மைனாவும் கிளியும் புள்ளி ஆந்தையும் அத்தகைய பொந்துகளில் குடிபுகும். ஒரு பட்ட கிளை பல குடும்பங்களுக்கு இடம் கொடுக்கிறது.

சருகு மூலையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இலைகளைப் புரட்டும். வேலிப் புதரில் தையல்சிட்டும் செம்போத்தும் இருக்கும். புல் வெட்டிய மறுநாள் புல்தரையில் மைனாக்களும் உண்ணிக்கொக்குகளும் இறங்கும். ஒழுகும் குழாயடியை மட்டும் அரை மணி நேரம் பார்த்திருந்தால் பூங்காவின் பாதிப் பறவைகள் வந்து குடித்துவிட்டுப் போவதைப் பார்க்கலாம், அதிலும் கோடையில்.

இரண்டாம் படி: நேரம்

கதிரவன் எழுவதற்கு அரை மணி முன்பே பூங்காவுக்குள் இருப்பது நல்லது. அப்போது காற்று அடங்கியிருக்கும், வண்டிச் சத்தம் குறைவு, பறவைகளின் குரல் தெளிவாகக் கேட்கும். முதல் வெளிச்சத்தில் குண்டுகரிச்சானின் சீழ்க்கை தொடங்கும். வெளிச்சம் ஏறியதும் குரல்கள் குறைந்து இரைதேடல் கூடும். முதல் இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம்.

பிற்பகலில் பெரும்பாலான பறவைகள் நிழலில் அடங்கிவிடும். மாலையில் மறுபடி ஒரு சுறுசுறுப்பு வரும். மைனாக்களும் கிளிகளும் இரவு தங்கும் மரத்துக்குக் கூட்டம் கூட்டமாக வந்து இரைச்சலிடும். மங்கும் வெளிச்சத்தில் புள்ளி ஆந்தை பொந்துவாயிலில் தலையை நீட்டும். காலை ஒன்பது பத்து மணிக்குமேல் தரை சூடேறி வெங்காற்று மேலெழும்போது பருந்துகள் அதில் ஏறி வட்டமடிக்கும். ஆகவே நேரம் கடந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பும்போது வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிளந்த வால் தெரிந்தால் கரும்பருந்து. செங்காவி உடலும் வெள்ளைத் தலையும் தெரிந்தால் செம்பருந்து.

இரவு மழை பெய்து விட்ட காலையைத் தவறவிடாதீர்கள். ஈசல் பறக்கும் மாலையையும்தான். அந்த ஒரு மணி நேரத்தில் காகத்திலிருந்து கரிச்சான்வரை எல்லாமே வானத்தில் இருக்கும்.

மூன்றாம் படி: இருநோக்கி

முதல் ஒரு மாதம் இருநோக்கி இல்லாமலே பழகலாம். அதன் பிறகு ஒன்று வேண்டும். அதன்மேல் 8×42 என்பதுபோல் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 40 மீட்டர் தொலைவில் உள்ள பறவை 5 மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அது பெரிதாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக இருக்கும், ஆனால் கருவியின் எடையும் கூடும். பூங்காவுக்கு 8×42 அல்லது 8×32 பொருத்தமானது. 10 மடங்கு இன்னும் நன்றாகக் காட்டுமே என்று தோன்றலாம். ஆனால் கையின் சிறு நடுக்கத்தையும் அது பெரிதாக்கும், பார்வைப்பரப்பும் குறுகும். இலைகளுக்கிடையே தாவும் சின்னஞ்சிறு பறவையை அதில் பிடிப்பது கடினம். உருப்பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஜூம் வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

வாங்கியதும் அதை உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். இதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் மங்கலாகப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். முதலில் இரண்டு குழல்களையும் அகட்டியோ குறுக்கியோ, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். பிறகு தொலைவில் எழுத்துள்ள ஒரு பலகையைத் தேர்ந்தெடுங்கள். வலக்குழலின் முன்பக்கத்தைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்கு எழுத்து தெளிவாகும்படி செய்யுங்கள். அடுத்து இடக்குழலை மூடுங்கள். இப்போது நடுச்சக்கரத்தைத் தொடக்கூடாது. வலக்கண் பக்கம் உள்ள சிறு வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தின் நிலையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், இனி நடுச்சக்கரம் ஒன்றே எல்லாத் தொலைவுக்கும் வேலை செய்யும். சில கருவிகளில் இந்த வளையம் வேறு இடத்தில் இருக்கும், முறை ஒன்றுதான். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்பக்கக் கிண்ணங்களை உள்ளே இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது பயிற்சி. பறவையைக் கண்டதும் பலர் குனிந்து இருநோக்கியைத் தேடுவார்கள். நிமிரும்போது பறவை எங்கே இருந்தது என்றே தெரியாது. பார்வையைப் பறவையிலிருந்து எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பறவை இல்லாத இடத்திலும், ஓர் இலையைக் குறிவைத்து, நாளுக்கு 20 முறை இப்படிச் செய்து பாருங்கள். ஒரு வாரத்தில் கை தானாகப் பழகிவிடும்.

கண்ணாடியில் தூசி படிந்தால் முதலில் ஊதியோ மெல்லிய தூரிகையாலோ அகற்றிவிட்டுத்தான் துணியால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் மணல் துகள் கீறிவிடும். இருநோக்கியால் கதிரவனைப் பார்க்கவே கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கும்போது இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பளிச்சென்ற வெள்ளை வேண்டாம், சரசரக்கும் துணி வேண்டாம், ஒரு தொப்பி போதும்.

நான்காம் படி: உட்காருதல்

நடந்துகொண்டே பறவை பார்ப்பது பலரின் வழக்கம். சிறிய பூங்காவில் உட்காருவதே பயன் தரும். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமாறு, புதரும் புல்தரையும் சந்திக்கும் விளிம்பைப் பார்த்தபடி ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெயில் எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கருநிழலாகத்தான் தெரியும்.

20 நிமிடம் அசையாமல் இருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லாதது போல் இருக்கும், ஏனென்றால் நீங்கள் வந்ததைப் பார்த்து அவை அடங்கியிருக்கின்றன. பத்தாவது நிமிடத்தில் ஏதாவது ஒன்று புதரிலிருந்து தரைக்கு இறங்கும். பிறகு மற்றவையும் வரும். தையல்சிட்டு கையெட்டும் தொலைவில் உள்ள இலைகளின் அடிப்புறத்தைத் துழாவிக்கொண்டு போவதை இப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் பார்க்க முடியும். கையை நீட்டிச் சுட்டிக்காட்டாதீர்கள். அந்த ஓர் அசைவு போதும், எல்லாம் கலைந்துவிடும். உடன் வந்தவருக்குச் சொல்ல வேண்டுமானால் கடிகார முள்ளைப்போல் சொல்லிப் பழகுங்கள்: “வேப்பமரம், இரண்டு மணித் திசை, தடித்த கிளைக்கு மேலே.”

ஐந்தாம் படி: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் “பச்சையாக ஒரு பறவை”, “கறுப்பாக ஒரு பறவை” என்றுதான் சொல்வார்கள். நிறம் ஏமாற்றும். ஆண் ஊதாத் தேன்சிட்டு நிழலில் வெறும் கறுப்பு. வெயில் பட்டதும் ஊதாவும் நீலமுமாக மின்னும். அந்த மின்னல் சாயத்தால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. குளக்கரையில் மண்ணோடு மண்ணாகத் தவிட்டு நிறத்தில் நிற்கும் மடையான் பறந்ததும் வெள்ளைவெளேரென்று சிறகை விரிக்கும். ஒரு நொடிக்குமுன் நின்றிருந்த பறவைதானா இது என்று திகைப்பீர்கள். ஆணும் பெண்ணும் வேறு நிறத்தில் இருக்கும் பறவைகளும் பல. கரிய ஆண் குயிலையும் பழுப்பில் வெண்புள்ளி நிறைந்த பெண் குயிலையும் இரண்டு வேறு பறவைகள் என்று எண்ணுபவர்கள் இன்றும் உண்டு.

ஆகவே இந்த வரிசையில் பாருங்கள். முதலில் அளவு. தேன்சிட்டு, சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து ஆகிய ஐந்தையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய பறவை மைனாவைவிடச் சிறிதா, காகத்தைவிடப் பெரிதா என்று கேட்டாலே பாதிப் பட்டியல் நீங்கிவிடும். அடுத்தது உருவம்: வால் நீளமா குட்டையா, பிளந்ததா, தூக்கியபடி இருக்கிறதா, தலையில் கொண்டை உண்டா, கால் நீளமா. அதன்பின் அலகு. தடித்த கூம்பு அலகு தானியம் உடைப்பது, மெல்லிய வளைந்த அலகு தேன் உறிஞ்சுவது, கொக்கி அலகு கிழிப்பது. பறவை என்ன தின்னும், எங்கே இருக்கும் என்பதை அலகே சொல்லிவிடும். பிறகு நடத்தை: தரையில் நடக்கிறதா, தத்துகிறதா? ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வருகிறதா? மரத்தண்டில் வாலை ஊன்றி ஏறுகிறதா? அலை அலையாகப் பறக்கிறதா? எல்லாம் முடிந்த பிறகு நிறம்.

இதைக் கறுப்புப் பறவைகளை வைத்துப் பழகுவதே நல்லது, ஏனென்றால் எந்தப் பூங்காவிலும் அவை இருக்கும். காகத்தில் கழுத்து சாம்பலாக இருப்பது ஊர்க்காகம். முழுக்கறுப்பும் தடித்த அலகுமாக இருப்பது அண்டங்காக்கை. மெலிந்த உடல், ஆழமாகப் பிளந்த நீண்ட வால், திறந்த கம்பியிலோ காய்ந்த கிளையிலோ உட்கார்ந்து பூச்சியின்மேல் பாய்ந்து அதே இடத்துக்குத் திரும்புவது என்றால் கரிச்சான். இலைக்கூட்டத்துக்குள் பதுங்கி, சிவந்த கண்ணும் வெளிறிய பச்சை அலகுமாக இருந்தால் ஆண் குயில். தரையில் கனமாக நடந்து, செம்பழுப்புச் சிறகுடன் புதருக்குள் நுழைந்தால் செம்போத்து. மைனாவைவிடச் சிறிதாக, வெள்ளை வயிறும் சிறகில் வெள்ளைப் பட்டையும் தூக்கிய வாலுமாக இருந்தால் குண்டுகரிச்சான். அதைவிடவும் சிறிதாகத் தரையில் ஓடி ஓடி நின்று, வாலைத் தூக்கும்போது அடியில் செம்பழுப்புத் தெரிந்தால் ஆண் கருஞ்சிட்டு. இத்தனை வகையும் ஒரே பூங்காவில் ஒரே காலையில் கண்ணில் படக்கூடியவை. இவற்றைத் தயக்கமின்றிப் பிரித்துச் சொல்ல முடிந்த நாளில் உங்கள் கண் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நூலைத் திறக்காதீர்கள். அது பறந்துபோகும்வரை பாருங்கள். நூல் நாளையும் இருக்கும்.

ஆறாம் படி: காது

பூங்காவில் நீங்கள் அறியும் பறவைகளில் பெரும்பங்கு முதலில் காதில் விழுந்தவையாகத்தான் இருக்கும். வாரம் ஒரு குரல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குரல் வரும் திசைக்குப் போய், அந்தப் பறவை வாய் திறந்து கத்துவதைக் கண்ணால் பார்த்த பிறகே அதைக் கற்றதாகக் கொள்ளுங்கள். அப்படிக் கற்ற குரல் மறக்காது.

இதில் செம்மார்புக் குக்குறுவான் ஒரு விதிவிலக்கு. “டுக், டுக், டுக்” என்று பாத்திரத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரே சீராக நிமிடக்கணக்கில் ஒலிக்கும். ஆனால் பறவை அலகைத் திறக்காது. தொண்டை மட்டும் ஒவ்வொரு தட்டலுக்கும் புடைக்கும். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே கூவுவதால் குரல் ஒருமுறை அருகிலும் ஒருமுறை தொலைவிலும் கேட்பதுபோல் இருக்கும். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பச்சைப் பறவை, இலைகளுக்கிடையே இலையாக இருக்கும். உச்சிக்கிளைகளில், முக்கியமாக இலையுதிர்ந்த கிளைகளில் தேடுங்கள். நெற்றியிலும் மார்பிலும் உள்ள சிவப்பு கண்ணில் பட்டதும் அவ்வளவு நேரம் தேடியது வீணில்லை என்று தெரியும்.

தையல்சிட்டின் குரல் அதன் உடலுக்குப் பொருந்தாத அளவு உரத்தது. மரங்கொத்தி பறக்கும்போது சிரிப்பதுபோல் கத்தும். ஆட்காட்டி, பெயருக்கேற்ப, ஆள் நடமாட்டத்தைக் கண்டால் ஊருக்கே அறிவிக்கும். தமிழில் பல பறவைகளின் பெயரிலேயே பாடம் இருக்கிறது. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் ஆறுமணிக் குருவி. இலையைத் தைத்துக் கூடு கட்டுவதால் தையல்சிட்டு. மேயும் மாட்டின் உண்ணிகளைப் பிடித்துத் தின்பதால் உண்ணிக்கொக்கு. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் நூல் பார்த்து வைக்கவில்லை, பறவையைப் பார்த்து வைத்தார்கள்.

காதுக்கு இன்னொரு பயன் உண்டு. கொண்டைக்குருவிகளும் தவிட்டுக்குருவிகளும் அணில்களும் ஒரே இடத்தில் சேர்ந்து விடாமல் கத்தினால் அங்கே ஏதோ இருக்கிறது. வல்லூறாக இருக்கலாம், பகலில் வெளிவந்த ஆந்தையாக இருக்கலாம், பாம்பாகவோ பூனையாகவோ இருக்கலாம். சத்தம் நடுவில் குவியும் இடத்தை இருநோக்கியால் தேடுங்கள். புள்ளி ஆந்தையின் பொந்தை நான் கண்டுபிடித்தது தவிட்டுக்குருவிகளின் புண்ணியத்தால்தான்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் “மெர்லின்” என்ற இலவசச் செயலி நல்ல துணை. ஆனால் அது சொல்வதைச் சான்றாகக் கொள்ளாமல், தேடுவதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சொன்ன பறவையைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

ஏழாம் படி: குறிப்பேடு

சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். தேதி, நேரம், வானிலை, பிறகு பறவை, எண்ணிக்கை, என்ன செய்துகொண்டிருந்தது. “மைனா 6” என்பதைவிட “மைனா 6, இரண்டு வைக்கோல் தூக்கிக்கொண்டு விளக்குக்கம்பத்துக்குள் போயின” என்பது பின்னால் பயன்படும். தெரியாத பறவைக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அங்கே பெயருக்குப் பதில் வருணனை எழுதுங்கள், முடிந்தால் கோட்டோவியம். பறவையை முட்டை வடிவமாக வரைந்து அலகையும் வாலையும் சேர்த்து, எங்கே என்ன நிறம் என்று அம்புக்குறி போட்டால் போதும். வரைய உட்கார்ந்தால்தான் கண்ணைச் சுற்றி வளையம் இருந்ததா என்று நாம் பார்க்கவே இல்லை என்பது தெரியவரும். அடுத்த முறை கண் அங்கே போகும்.

வழக்கமான பறவையையும் எழுதுங்கள். காகத்தையும் புறாவையும் எண்ணாமல் விடுவது பெரிய பிழை. பழகிய பறவை குறைந்துபோனது தெரிய வேண்டுமானால் அது நிறைந்திருந்தபோது எண்ணியிருக்க வேண்டும்.

இந்தக் குறிப்புகளை “ஈபேர்ட்” தளத்தில் பதியலாம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கியது, உலகெங்கும் உள்ளவர்கள் பதிகிறார்கள், கட்டணம் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எவ்வளவு தொலைவு நடந்தீர்கள், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பட்டியலிட்டீர்களா என்று அது கேட்கும். கடைசிக் கேள்விதான் முக்கியம். எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால் அது அன்று கண்ணில் படவில்லை என்று பொருள். ஆய்வாளர்களுக்கு அந்த இல்லாமையும் தகவல். 15 நிமிடப் பட்டியல் போதுமானது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகம் முழுவதும் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பிலும் உங்கள் பூங்காவைச் சேர்த்துவிடலாம்.

எட்டாம் படி: ஆண்டின் சுழற்சி

இரண்டு மாதத்தில் புதிய பறவை எதுவும் வரவில்லை என்று சலிப்பு வரும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். ஒரு சுற்று முழுமையாகப் பாருங்கள்.

தென்னிந்தியப் பூங்காக்களில் செப்டம்பர், அக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். நடைபாதையில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடும் சாம்பல் வாலாட்டி, கம்பிமேல் வரிசையாக உட்காரும் தகைவிலான், புதருக்குள் “சக், சக்” என்று ஓயாமல் ஒலிக்கும் கதிர்க்குருவி, வேலி உச்சியில் நெட்டுக்குத்தாக உட்காரும் பழுப்புக் கீச்சான். கீச்சான் முந்தைய குளிர்காலத்தில் இருந்த அதே இடத்துக்குத் திரும்பி வரக்கூடியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து உங்கள் பூங்காவின் அதே வேலிக்கல்லில் ஒரு பறவை உட்காருவதைக் குறிப்பேட்டில் எழுதும்போது ஏற்படும் மகிழ்ச்சியை வேறு எதோடும் ஒப்பிட முடியவில்லை. வலசையின் நடுவே ஓரிரு நாள் இளைப்பாற இறங்கும் பறவைகளும் உண்டு. ஆறுமணிக் குருவி அப்படி ஒன்று. சருகு மூலையில் ஒன்பது வண்ணமும் கலந்த ஒரு குட்டைவால் பறவை தத்தித் தத்திப் போனால் அசையாமல் உட்கார்ந்துவிடுங்கள்.

ஏப்ரலுக்குள் பெரும்பாலான விருந்தினர்கள் வடக்கே திரும்பியிருப்பார்கள். அப்போது உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டும் காலம். அலகில் நாரும் குச்சியும் தூக்கிச் செல்லும் பறவைகள், குஞ்சுக்குப் புழு கொண்டுசெல்லும் பறவைகள் எல்லாம் தெரியும். காகத்தின் கூட்டைச் சுற்றி ஆண் குயில் கூவிக் காகத்தை இழுத்துப்போவதையும், சில வாரம் கழித்துக் காகமே குயில்குஞ்சுக்கு ஊட்டுவதையும் ஒரே பெஞ்சிலிருந்து பார்க்கலாம்.

ஒன்பதாம் படி: தொந்தரவு செய்யாதிருத்தல்

இதில் எனக்குச் சமரசம் கிடையாது. கூட்டருகே போகக்கூடாது. கூடு தெரிவதற்காகக் கிளையை விலக்கினால் அந்த மறைவு போய், காகத்துக்கும் பூனைக்கும் வழி திறக்கிறது. தாய்ப்பறவை உங்களைப் பார்த்துக் கத்தினாலோ, இரையை அலகில் வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் தயங்கினாலோ நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள், பின்னால் நகருங்கள். கூட்டின் படத்தை யாருக்கும் பகிராதீர்கள்.

கைபேசியில் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் தவறு. எல்லைக்குள் இன்னொரு பறவை புகுந்துவிட்டது என்று நம்பி, அது கூட்டையும் இரையையும் விட்டு ஓடி வருகிறது. சிறிய பூங்காவில் ஒரே பறவையை நாலைந்து பேர் இப்படி அழைத்தால் அதற்கு நிம்மதியே இருக்காது.

தரையில் குஞ்சு கிடந்தால் உடனே தூக்காதீர்கள். உடலெங்கும் இறகு முளைத்துத் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கக் கற்றுக்கொண்டிருக்கும் குஞ்சு; தாயும் தந்தையும் அருகிலேயே இருக்கும். நாயோ பூனையோ வரும் இடமாக இருந்தால் மட்டும் பக்கத்துப் புதரில் எடுத்து வைத்துவிட்டு விலகுங்கள். இறகில்லாத வெற்றுடம்புக் குஞ்சு என்றால் கூடு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல.

பத்தாம் படி: பூங்காவோடு உறவு

தோட்டக்காரரிடமும் காவலாளியிடமும் பேசுங்கள். எந்த மரத்தில் எப்போது கூடு, ஆந்தை எந்த நேரம் வெளியே வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். “இந்தக் காய்ந்த கிளையில் மரங்கொத்தி பொந்து வைத்திருக்கிறது, ஐயா, பாதைக்கு மேலே இல்லையே, விட்டுவைக்கலாமா?” என்று பொந்தைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். சருகை ஒரு மூலையிலாவது கூட்டாமல் விடச் சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்தால் ஒரு மண்தட்டில் நீர் வையுங்கள். ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், அடி சொரசொரப்பாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு கல் இருந்தால் சின்னப் பறவைகள் அதில் நின்று குடிக்கும். பூனை பதுங்கும் புதரிலிருந்து சில அடி தள்ளி, ஆனால் பறந்து ஏற ஒரு கிளை அருகில் இருக்கும்படி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுங்கள். கொசுவும் வராது, நோயும் பரவாது. தட்டு வைத்த நாளைக் குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழே அரைப் பக்கம் காலியாக விடுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் காகம். அதற்குப் பிறகு வருபவற்றை வந்த வரிசையில், தேதியோடு, அந்தக் காலியிடத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.